நந்தினி கல்யாணத்துத் தண்ணீர்

1

இன்று காலை அக்கா போன் செய்தாள்.

"நந்தினிக்குக் கல்யாணமாகி இன்னியோட வருசம் ஒண்ணு ஓடிருச்சு, பாத்தியாடி கோமு?" என்றாள். கேசரி கிண்டினாளாம். வீட்டில் அவளும் அவள் கணவரும்தான். மாமாவுக்குச் சர்க்கரை, தொட மாட்டார். "நானே தின்னுட்டு, நல்லாருக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன்."

செல்வி எனக்கு ஒரே அக்கா. குஜிலியம்பாறையைத் தாண்டி, முருங்கையும் சோளமும் போட்டு மழையை நம்பிப் பிழைக்கிற குடும்பம். நந்தினி அவளுடைய ஒரே மகள். செம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது ஏழு மாதக் கர்ப்பம். நான் கணவரோடும் மகள் இனியாவோடும் நார்வேயில், பெர்கன் நகரத்தில் இருக்கிறேன். வந்து பதினேழு வருடமாகிறது.

பேச்சை முடிக்கிற நேரத்தில், விலைவாசி சொல்வதுபோல அக்கா சொன்னாள்.

"வளகாப்ப செம்பட்டியிலயே வச்சுக்கிருவோம்னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டாக. பேறுகாலமும் அங்கனயேதான்."

"ஏன்க்கா? தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே?"

"இங்க தண்ணிக் கஷ்டமாம். பிள்ளையப் பெத்தவள எப்புடி அனுப்புறதுன்னு கேக்குறாக. அதுஞ் சரிதான? நீ சாப்புட்டியா?"

நான் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். போனை வைத்தபிறகு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். நந்தினியின் கல்யாணத்தன்று தண்ணீரால் என்ன நடந்தது என்பதை இந்த ஒரு வருடத்தில் அக்கா ஒருமுறைகூட என்னிடம் எடுத்ததில்லை. இன்றும் எடுக்கவில்லை. ஆனால் அவள் வீட்டு உரிமை ஒன்று கைவிட்டுப் போகிறது. அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குப் பட்டது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் எங்கள் வாழ்க்கையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது விளங்காது.

பெர்கனில் மழை விடுவது அபூர்வம். மழை பெய்கிறது என்று இங்கே யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கைக்குழந்தையிலிருந்து கைத்தடிக் கிழவர் வரை மலையேறுகிறார்கள். வந்த புதிதில், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்தேன். இனியா பிறந்த பிறகு நாங்களும் ஏறத் தொடங்கினோம். ரொட்டியும் ஒரு ஃபிளாஸ்க் டீயும் எடுத்துக்கொண்டு போய், பாறையில் நனைந்தபடி உட்கார்ந்து தின்போம். இனியா வழியில் கிடக்கும் சாக்லெட் தாளைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

குப்பை விஷயத்தில் நாங்கள் திருந்தியது பயத்தால்தான். ஒருமுறை எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. காகிதத் தொட்டியில் யாரோ உணவுக் கழிவைப் போட்டிருக்கிறார்கள், தயவுசெய்து விதிகளைப் படிக்கவும் என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக எழுதியிருந்தார்கள். அந்தக் கழிவு கறிவேப்பிலைக் காம்பும் முருங்கைச் சக்கையும். பொதுக் கடிதம் யாருக்கு என்று கட்டடத்துக்கே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் விதிகளை மனப்பாடமே செய்துவிட்டேன்.

மொழிதான் காலை வாரியது. பழைய பெயின்ட் டப்பாக்களைக் கொண்டு போய்ச் சேர்க்கும் இடத்தில் இருந்த ஊழியர், டப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டார். 'யிஃப்ட்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. கல்யாணம் ஆனவரா என்று கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாம், ரொம்ப வருடமாயிற்று" என்றேன். இந்த மொழியில் கல்யாணம் ஆனவருக்கும் விஷத்துக்கும் ஒரே சொல் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் கேட்டது டப்பாவில் விஷம் இருக்கிறதா என்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஆனால் சில வருடங்களில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். துணிப்பை, எவர்சில்வர் டிபன், காய்த்தோலில் உரம். எல்லாவற்றையும் படம் எடுத்து ஊரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போடுவாள். நான் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சரி. அவள் எட்டாவதோடு நின்றுவிட, நான் படித்தேன். அதை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. "எந்தங்கச்சி நார்வேயில இருக்கா" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லுவாள்.

3

நந்தினியின் கல்யாணம் முடிவானதும் நான் வீடியோவில் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். திண்டுக்கல்லில் பைபாஸ் பக்கம் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவில் என்பதால் அந்த ஏற்பாடு.

"அக்கா, பந்தியில பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் வைக்காத."

"எல்லாரும் வைக்கிறாகளேடி. இலைக்கு ஒண்ணு வைக்கலேன்னா சம்பந்தி வீட்ல ஒரு மாதிரி நெனப்பாக."

"ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூக்கி எறிவாங்க. அம்புட்டும் குளத்துலதான் வந்து கெடக்கும். எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும்ல? ஜக்குல ஊத்தட்டும். பாக்குறவங்க மெச்சுவாங்க."

அவளுக்குப் பின்னால் மாமா, "மண்டபத்துல தண்ணி எப்புடின்னு கேட்டுக்க" என்றது கேட்டது.

"அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா அவரிடம்.

நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் இதில் எனக்குப் பெரிய சங்கடம். சொன்னது சரிதான், சொன்ன ஆளுக்குத்தான் அந்த ஊரின் நிலைமை மறந்துபோயிருந்தது.

4

இனியா நார்வே குடிமகள். பெரியம்மா வீட்டுக்குப் போக அவளுக்குச் சுற்றுலா விசா வேண்டும். விண்ணப்பத்தில், இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. அக்காவின் பெயரைத் தட்டினேன். உறவு என்ன என்று அவர்கள் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே போய்விட்டோம். மறுநாள் விடிந்ததும் அக்கா, "காட்டுக்குப் போறேன், வாரியா கண்ணு?" என்று இனியாவைக் கேட்டாள். அவள் குதித்து எழுந்து, மலையேறும் ஷூவைக் கட்டி, முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, பூச்சி கடிக்காமலிருக்கக் கைகாலெல்லாம் மருந்தும் பூசிக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். அரை கிலோமீட்டரில் முருங்கைத் தோப்பு, அதைத் தாண்டிச் சோளத்துக்கு உழுது போட்ட செம்மண். அவ்வளவுதான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இனியாவுக்கு ஏமாற்றமே இல்லை. வேலியோரம் மயில்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் பெரியம்மாவோடு போனாள்.

குளத்து வழியாகத்தான் திரும்பி வருவார்கள். குளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கருவேல முள்ளெல்லாம் பிளாஸ்டிக் கவர், தரையெல்லாம் பாட்டில். இனியா ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். "பாத்தியா அக்கா, இதைத்தான் சொன்னேன்" என்றேன் நான். அந்தச் சாக்கைப் பார்த்தபோது எனக்குள் சந்தோஷம்தான் வந்தது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி.

ஆனால் அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது. அரிசி களைந்த தண்ணீர் ஆட்டுக்கு, பாத்திரம் விளக்கிய தண்ணீர் கீரைக்கு. இனியாவுக்குக் குளிக்க ஒரு வாளி. அவள் அதைக் குறை சொல்லவில்லை, கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது தன் தமிழில் கேட்டாள்:

"அம்மா, கல்யாணத்தில் டம்ளர் எல்லாம் எங்கே குளிக்கும்?"

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டம்ளரு குளிக்குமாம்! ஏய், வெஞ்சனத்த வச்சு இன்னும் கொஞ்சம் தின்னு கண்ணு."

"டம்ளரைக் கழுவறதுன்னு சொல்லணும்" என்று நான் அவளைத் திருத்தினேன். "மண்டபத்துல லாரித் தண்ணி வரும்."

மொழியைத் திருத்தினேனே தவிர, கேள்வியை நான் காதில் வாங்கவில்லை.

5

நல்ல முகூர்த்த நாள். திண்டுக்கல்லில் மண்டபத்துக்கு மண்டபம் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி ஏறியபோது எல்லாம் அழகாக நடந்தது. வரிசையாக எவர்சில்வர் டம்ளர் மின்னியது. நான் படமெடுத்துப் பெர்கனில் இருக்கும் தோழிகளுக்கு அனுப்பினேன்.

முதல் பந்தி எழுந்ததும் மண்டபத்துத் தொட்டி காலியாகிவிட்டது. வர வேண்டிய லாரி வரவில்லை. போன் போட்டால், "வந்துக்கிட்டே இருக்கு" என்றார்கள். டம்ளர் கழுவுகிறவர்கள் வேறு வழியில்லாமல், குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். அத்தனை டம்ளரைக் கழுவினால் கேன் தண்ணீர் எம்மாத்திரம்? அதுவும் தீர்ந்தது. இன்னும் கேன் கேட்டால், முகூர்த்த நாள், இருப்பில்லை என்று கடைக்காரர் கைவிரித்தார்.

இது எதுவும் தெரியாமல் இரண்டாவது பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் பொங்கலும் வடையும் விழுந்தன. காரச் சட்னி விழுந்தது. ஒரு குழந்தைக்கு விக்கல் எடுத்தது. "தண்ணி, தண்ணி" என்று அங்கங்கே குரல். பரிமாறுகிற பையன்கள் காலி ஜக்கை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமா முதல் இலையில் இருந்தார். அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார்.

"பந்தியில உக்கார வச்சுட்டு ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதியில்லையா?" என்றபடி எழுந்தார். அவர் எழுந்ததும் அந்த வரிசையே எழுந்தது. எச்சில் கையோடு நின்றார்கள். கை கழுவவும் தண்ணீர் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா ஓடி வந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"கோவிச்சுக்கிறாதீக. எந்தப்புதான். நாந்தான் பாட்டில் வேணாம்னு சொல்லி ஏற்பாடு பண்ணுனேன். இம்புட்டு ஆகும்னு எம் மரமண்டைக்குத் தெரியல."

அக்காவின் பின்னால் வந்த எங்கள் மாமா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. பிறகு வெளியே ஓடினார்.

நான் தூண் ஓரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்து, "இல்லைங்க, யோசனை என்னுது" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். எல்லாரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை என் மேல் விழ வேண்டாம் என்று நினைத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள், படித்தவள் என்ற என் மரியாதை எனக்குப் பெரிதாக இருந்தது. இனியா என் கையைப் பிடித்து நார்வேஜிய மொழியில் கேட்டாள்: "பெரியம்மா ஏன் தன்மேல் போட்டுக்கொள்கிறாள்? நீதானே சொன்னாய்?"

"சும்மா இரு. அப்புறம் பேசலாம்" என்றேன்.

மாமாவும் இன்னும் இரண்டு பேரும் எதிர்க் கடைகளில் இருந்த பாட்டில் பண்டல்களையெல்லாம் தூக்கி வந்தார்கள். குடிக்க, கை கழுவ, குழந்தைகளுக்குக் கால் கழுவ, எல்லாவற்றுக்கும் பாட்டில் தண்ணீர்தான். இலைக்கு ஒன்று வைத்திருந்தால்கூட அத்தனை பிளாஸ்டிக் ஆகியிருக்காது. மத்தியானம், பந்தியெல்லாம் முடிந்து மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பிய பிறகு, தண்ணீர் லாரி வந்தது. தொட்டி நிறைந்து, நிறுத்த ஆளில்லாமல் மண்டப வாசலெல்லாம் வழிந்தது.

6

பெர்கனுக்குத் திரும்பும் முன்தினம் அக்காவிடம் பேச்சை எடுத்தேன். "என்னாலதானேக்கா…"

"விடுடி. ஊருக்குப் போற பிள்ள எதுக்கு மனசக் கெடுத்துக்கிட்டு?" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குக் கொடுத்துவிட வற்றலும் முருங்கைக்கீரைப் பொடியும் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் பழைய நியூஸ்பேப்பரில் பொட்டலமாக மடித்து நூல் சுற்றினாள். தங்கச்சிக்குப் பிளாஸ்டிக் கவர் பிடிக்காதாம்.

பெர்கனுக்கு வந்த பிறகு இனியா மாறினாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு என்னோடு வருவதை நிறுத்திவிட்டு, தோழிகளோடு போனாள். நான் தமிழில் கேட்டால் நார்வேஜிய மொழியில் பதில் வந்தது. வயசு அப்படி என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் தூரப் போவதைப் பற்றிப் பேசுகிற எங்கள் தமிழ்ச் சிநேகிதிகளின் கூட்டத்தில் நானும் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன்.

நந்தினி எப்போதாவது பேசுவாள். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சித்தி, வந்தவங்களுக்கு நான் சொம்புல தண்ணி குடுத்தா, எங்க வீட்ல ஒரே கேலி. 'பரவால்லையே, தண்ணி குடுக்கவும் தெரியுதே'ன்னு." அவளுக்கு அது வேடிக்கையாக இருந்ததா, அல்லது வேடிக்கையாக ஆக்கிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கூடவே சிரித்தேன்.

இப்போது வளைகாப்பும் பிரசவமும் செம்பட்டியில் என்கிறார்கள்.

7

இதுவரை எழுதி வைத்துவிட்டு, இரண்டு நாள் தயங்கி, நந்தினியின் மாமியாருக்குப் போன் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவரோடு நான் பேசியதே இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"சொல்லுங்கம்மா, நல்லாருக்கீகளா? அங்கன குளிரா?" என்றார். ஒத்திகை மறந்துவிட்டது.

"சம்பந்தி, அன்னைக்கு மண்டபத்துல பாட்டில் வேண்டாம்னு சொன்னது அக்கா இல்ல. நான்தான். அக்கா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டா. நீங்க என்னை மன்னிக்கணும். அதை மனசுல வச்சுக்கிட்டு நந்தினிய அனுப்பாம இருக்காதீங்க."

அவர் சிரித்தார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமேம்மா. உங்க மகதான் சொல்லிருச்சு."

"இனியாவா?"

"ஆமா. பாட்டில் பிரிச்சுக் குடுக்குற எடத்துல நின்னேன். வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டு, 'பெரியம்மா சொல்லல, எங்க அம்மா சொன்னது. நீ பெரியம்மாவைத் திட்டாதே'ன்னுச்சு. என்னைய நீன்னு சொல்லி அதட்டுன மொத ஆளு அதுதான். அதுக்கப்புறம் நான் உங்க அக்காவ ஒரு வார்த்த கேக்கல. எங்க அண்ணங்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு கோவமெல்லாம் மறுவீட்டோட போயிருச்சு."

ஒரு வருடமாக நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"அப்ப நந்தினிய…"

"அம்மா, கோவத்துல இல்ல. போன மாசம் நான் உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கால் கழுவ ஒரு செம்பு குடுத்தாக. அந்தத் தண்ணி ஓடுற எடத்துல பாத்தி கட்டி வச்சிருக்காக. பச்ச ஒடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் எம்புட்டுத் தண்ணி வேணும்? உங்க அக்கா அலைஞ்சு செத்துப்போவாக. நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா, அங்க தண்ணி வந்துருமா?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

மாலையில் இனியா பள்ளியிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே நீ அவங்ககிட்ட சொன்னியாமே. ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அப்புறம் பேசலாம்னு நீ சொன்னே" என்றாள், தமிழில். "நான் வெயிட் பண்ணினேன்."

8

மேலே உள்ளதையெல்லாம் ஆனி மாதத்தில் எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது ஆவணி.

வளைகாப்பு செம்பட்டியிலேயே நடந்தது. அக்கா ஏழு வகைச் சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு, திண்டுக்கல் போய் பஸ் மாறிப் போனாள். இனியா தன் பெரியம்மாவுக்கு வாரம் ஒருமுறை அவளாகவே போன் பேசுகிறாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு காலமாக என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு என்னோடு இன்னும் வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கா அங்கேயே தங்கியிருக்கிறாள். மாமா ஆட்டையும் தோப்பையும் பார்த்துக்கொண்டு வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். நேற்று அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் குழந்தையைப் போட்டு, அப்போதுதான் குளிப்பாட்டி முடித்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க தண்ணிக்குக் கொறையே இல்லடி கோமு" என்றாள். "குழாயத் தொறந்தா கொட்டுது. தெனமும் வெந்நி வச்சு ஊத்துறேன். எம்பேத்தி கொடுத்து வச்சவ."

"சரியா கேக்கல அக்கா. கொஞ்சம் சத்தமாப் பேசு" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் அக்காவுக்கு மெதுவாகப் பேசவே வராது. தோப்பில் நின்று கூப்பிட்டால் ரோட்டில் போகிறவன் திரும்புவான். அவள் போனை வாய்க்கருகில் கொண்டுவந்து, புடவை முந்தானையால் மறைத்துக்கொண்டு, காற்றுப்போல ஒரு குரலில் சொன்னாள்:

"சம்பந்தி வீடுடி. சத்தமாப் பேசக் கூடாது."